பரணில் ஏறிய கம்ப்யூட்டர்

அப்படியென்றால் பரண்தான், வேறு வழியே இல்லை, குளியலறை என்றால் ஈரம், சமையலறை என்றால் ஆவி, துணி அலமாரி என்றால் சூடு, போன வாரம் அலமாரிக்குள் வைத்துப் பார்த்ததில் கொஞ்ச நேரத்திலேயே சட்டையெல்லாம் இஸ்திரி போட்டதுபோல வெதுவெதுவென்று ஆகிவிட்டது, சட்டை சூடானால் என்ன, போட்டுக்கொண்டு போகலாம், ஆனால் உள்ளே கம்ப்யூட்டருக்கு மூச்சுத் திணறி ஃபேன் முன்னைவிட வேகமாகச் சுற்றி ஊரைக் கூட்டிவிட்டதே... ஒலிக்காரன் நாற்காலி மேல் ஏறி நின்று பரணின் மரக்கதவை இழுத்தான். உள்ளேயிருந்து முதலில் தூசி வந்தது, பிறகு ஒரு பெட்டி வந்தது, பெட்டிக்குப் பின்னால் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து இன்னும் பிரிக்காத டம்ளர் செட் ஒன்று எட்டிப்பார்த்தது, அதை அப்படியே உள்ளே தள்ளினான். இடம் இருக்கிறது. காற்று போக அந்தப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல்கூட இருக்கிறது, கட்டினவர் புத்திசாலி, அன்றைக்கே ஒரு கம்ப்யூட்டர் இங்கே வந்து உட்காரும் என்று தெரிந்துதான் வைத்திருப்பார். இங்கேயிருந்து வேலை அறைக்கு மானிட்டர் வயர் எட்டுமா? எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மேஜையை நகர்த்த வேண்டியதுதான், மேஜையை நகர்த்தினால் கதவு திறக்காது, கதவு திறக்காவிட்டால் என்ன, பக்கவாட்டில் நுழைந்து போய்க்கொள்ளலாம், கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடாததும் நல்லதற்குத்தான்.

மனைவி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அவள் நர்ஸ், சில மாதங்களாகவே இரவு டூட்டி, காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளித்து ஒரு வாய் சாப்பிட்டுப் படுப்பாள், அவள் படுக்கும் நேரத்தில்தான் இவனுக்குப் பக்கத்து அறையில் வேலை தொடங்கும், கார்ட்டூன் படங்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை, வாத்து நடந்தால் வாத்துக் காலடி, பூனை வழுக்கினால் வழுக்கல், பாறை உருண்டால் பாறை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் செய்கிறான், ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகாது, ஆனால் கம்ப்யூட்டர் ஹெட்போன் மாட்டிக்கொள்ளாதே, அது பாட்டுக்கு ஊஊஊ என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் கண்ணுக்குக் கீழே கறுத்தது, பிறகு பேச்சு குறைந்தது, ஒரு நாள் ஊசி மருந்தை எடுத்த கை நின்று, இது சரியான மருந்துதானா என்று மறுபடி படித்துப் பார்க்க வேண்டி வந்ததாம், அன்றைக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அன்று சாயந்திரமே பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை, அதுதான் கஷ்டம், கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம், தூக்கம் வராதவளை எப்படிச் சமாதானம் செய்வது? நேற்றுப் போனில் சொன்னாள்: "நாளைக்குக் காலைல நேரா வீட்டுக்கே வர்றேன். ஒரு தடவை பார்ப்போம். இங்க தூங்க முடியலைன்னா டூட்டி மாத்திக் கொடுக்கற வரைக்கும் அக்கா வீட்டுலயே இருந்துடறேன்." டூட்டி எப்போது மாறும் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குமே தெரியாது.

அவன் மட்டும் சும்மாவா இருந்தான்? அவள் தூக்கத்துக்காக எடுத்த முயற்சிக்கு ஒரு அளவு உண்டா? போனில் சத்தம் அளக்கிற செயலி ஒன்றை இறக்கி, அவள் படுத்ததும் மெதுவாக, மிக மெதுவாகப் படுக்கையறைக் கதவைத் திறந்து, தலையணைப் பக்கம் போனை நீட்டி அளப்பான், வந்து ஹார்ட் டிஸ்க் பெட்டியை நிறுத்துவான், மறுபடி போய் அளப்பான், வந்து ஃபேன் வேகத்தைக் குறைப்பான், மறுபடி போய்... அந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி இருக்கிறதே, அதுதான் பெரிய கள்ளன், சத்தங்களையெல்லாம் சேமித்து வைக்க வாங்கியது, நாள் பூரா எதையோ கொறித்துக்கொண்டே இருக்கும், எலி இருக்கிறதோ என்று ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தான். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்ன தேடுற?" என்றாள். ஒன்றுமில்லை, நீ தூங்கு என்றான். அப்புறம் ரவுட்டர். வயர் இழுக்க வந்த ஆள் தனக்கு எது சுலபமோ அங்கே, அதாவது படுக்கையறை மூலையில், அதை மாட்டிவிட்டுப் போய்விட்டான், அதன் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, அவள் துண்டைப் போட்டு மூடினாள், துண்டுக்குள் அது வெந்து இணைய வேகம் படுத்துவிட்டது, அவன் பூனைபோலப் போய் துண்டை எடுப்பான், அவள் எழுந்து மறுபடி போடுவாள். கதவுகூடக் கிறீச்சிட்டது. அதை எண்ணெய் போட்டுச் சரிசெய்தான், போடுவதற்கு முன்னால் அந்தக் கிறீச்சைப் பதிவு செய்துகொண்டான், அது இப்போது ஒரு சூனியக்காரி வீட்டுக் கதவாக நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. வயரைச் சுவரோடு அடிக்கச் சுவரில் துளை போட்டான், அதுவும் அவள் தூங்கும் நேரத்திலேயே, ஏனென்றால் அவள் தூங்கும் நேரம்தானே அவன் விழித்திருக்கும் நேரம், அமைதிக்காகச் செய்த வேலைகளிலேயே அதுதான் அதிகச் சத்தமாக இருந்தது, சரி, ஒப்புக்கொள்கிறேன், அது தப்புதான், அப்புறம் துளை போடவில்லையே.

போன் அடித்தது. சகலை. அக்காவின் வீட்டுக்காரர், இவனைச் "சவுண்டு" என்றுதான் கூப்பிடுவார், தொழிலை வைத்துக் கிண்டல், அவர் தொழிலோ வீட்டுக்குக் கீழேயே இரும்புப் பட்டறை, கேட்டும் கிராதியும் செய்கிறவர், போனை எடுத்தால் முதலில் அறுப்பு மெஷின்தான் பேசும், அவர் பிறகுதான் வருவார். "என்ன சவுண்டு, ரெடியா? உங்க வீட்டம்மா இன்னிக்கு அங்க வருதாமே!" என்று கத்தினார். ரெடி ஆகிக்கிட்டே இருக்குங்க, கம்ப்யூட்டரைப் பரண்ல ஏத்தறேன் என்று இவனும் பதிலுக்குக் கத்தினான். "எதுக்கு?" என்றார். சத்தம் வராம இருக்கத்தான். "சத்தமா?" என்று அவர் கேட்டபோது பின்னால் எதையோ தரையில் போட்டார்கள், போன் அதிர்ந்தது. "இங்க அது பாட்டுக்குத் தூங்குதே, நேத்துக்கூட மாடிப்படிக்கு நேர் கீழே வெல்டிங் வச்சோம், எழுந்திரிக்கவே இல்லை, உயிரோட இருக்கான்னு எங்க வீட்ல போய்ப் பார்க்கட்டுமான்னு கேட்டா, நான்தான் சும்மா விடுன்னு சொன்னேன்." ஒலிக்காரனுக்கு இதில் தெளிவான கருத்து ஒன்று உண்டு, பலமுறை யோசித்து எட்டிய கருத்து, பட்டறைச் சத்தம் விட்டு விட்டு வரும், மூளை அதைப் பழகிக்கொள்ளும், ஃபேன் சத்தம் ஒரே சீராக வரும், சீராக வருகிற சத்தம்தான் ஆளைத் தின்னும், தொழில் தெரிந்தவனுக்குத்தான் இது புரியும், சகலைக்கு இதைப் போனில் எப்படி விளக்குவது? சீரான சத்தம்ங்க, அதான் பிரச்சினை என்றான். "ஓஹோ," என்றார் சகலை, மரியாதையாகத்தான் சொன்னார், வைத்துவிட்டார். நேற்று வேறொரு கருத்து இருந்தது, விட்டு விட்டு வரும் சத்தம்தான் ஆளைத் தின்னும் என்று, அது ஹார்ட் டிஸ்க்கை நினைத்துச் சொன்னது, இரண்டும் சரிதான், சத்தத்தில் பல வகை இருக்கிறது.

கம்ப்யூட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினான், நாற்காலி ஆடியது, ஐயையோ, இது விழுந்தால் தொழிலும் விழும், நான் விழுந்தால்... நான் விழுந்தால் அவள் வந்து பார்ப்பாள், நர்ஸ்தானே, கட்டுப்போடுவாள், இங்கேயே இருப்பாள். சீ, என்ன புத்தி இது. எக்கி உள்ளே வைத்து, வயரைச் செருகி, போட்டுப் பார்த்தான். பரண் மரப்பலகை. பலகை மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும், வெறும் குடத்துக்குள் யாரோ வாயை வைத்து ஊதுகிறதுபோல வீடே ஓங்காரமிட்டது, முன்னைவிட இரண்டு மடங்கு, போச்சுடா, பக்கத்து வீட்டில் நாய்கூடக் குரைத்தது. அதிர்வு. அதிர்வை நிறுத்த வேண்டும், ரப்பர் வேண்டும், ரப்பருக்கு இப்போது எங்கே போவது? குளியலறை வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்தான். அதுவும் இவனைப் பார்த்தது. புதிதாக வாங்கித் தந்துவிடலாம் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டு, கத்தரிக்கோலால் வெட்ட முடியாமல் காய் நறுக்கும் கத்தியை எடுத்து, நாலு துண்டாக நறுக்கிக் கம்ப்யூட்டருக்கு நாலு காலாக வைத்தான். ஓங்காரம் அடங்கியது. கதவைச் சாத்தினான். கீழே இறங்கி நின்று கேட்டான்... ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை! கையைத் தட்டலாம் போல இருந்தது, தட்டவில்லை, சத்தம் வரும்.

அடுத்தது ரவுட்டர், அதைப் படுக்கையறையிலிருந்து கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கூடத்திலிருந்து கேபிளைக் கதவு நிலைக்கு மேலாக, ஆணி அடிக்காமல் டேப் போட்டே ஒட்டிக்கொண்டு பரண்வரை கொண்டுபோனான், நடுவில் ஒரு இடத்தில் கேபிள் தொங்கியது, நடக்கிறவன் தலை குனிந்து போனால் ஆயிற்று, அவள் உயரத்துக்கு இடிக்காது. ஹார்ட் டிஸ்க் பெட்டியும் பரணுக்குப் போனது, டம்ளர் செட்டுக்குப் பக்கத்தில். மானிட்டர் வயர் எட்டியது, மேஜையைக் கொஞ்சம்தான் நகர்த்தினான், கதவு பாதி திறக்கிறது, போதும். பிறகு சோதனை. அவள் படுக்கிற பக்கத்தில், அவள் தலையணையில், அவள் படுக்கிற மாதிரியே சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக் கேட்டான். கடிகாரம் டிக் டிக் என்றது, எழுந்து போய் அதைத் துண்டில் சுற்றிக் கூடத்து அலமாரியில் வைத்தான். படுத்தான். சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகியது, போய் நிறுத்தினான், பால் கெட்டால் கெடட்டும். படுத்தான். இப்போது கடமுடவென்று ஒரு சத்தம், என்ன அது, எங்கேயிருந்து, குழாயா, மேல்வீடா... அவன் வயிறுதான். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அப்படியே படுத்துக் கிடந்தான். தலையணையில் எப்போதும் அந்த ஆஸ்பத்திரிச் சோப்பு வாசனை இருக்கும், எவ்வளவு குளித்தாலும் போகாது என்று அவளே சலித்துக்கொள்வாள், இப்போது முகர்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை, வெறும் துணி வாசனை. அதற்குள்ளேயே போய்விட்டதா? தலையணையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் முகர்ந்து பார்த்தான். எழுந்து போர்வையைச் சரியாக விரித்தான், படுத்த சுவடு தெரியக்கூடாது.

வந்தாள். படியேறி வரும்போதே காலடி தளர்ந்திருந்தது, அந்தக் காலடியை மட்டும் அவன் ஒரு நாளும் பதிவு செய்ததில்லை. கதவைத் திறந்ததும், "வா வா, செருப்பைக் கழட்டு, தலையைக் குனி, இல்லை, நீ குனிய வேண்டாம், நான்தான் குனியணும்," என்று ஆரம்பித்து, பரணைக் காட்டினான், கேபிளைக் காட்டினான், ரவுட்டர் இருந்த மூலையில் இப்போது ரவுட்டர் இல்லாததைக் காட்டினான். அவள் ஒவ்வொன்றையும் பார்த்து, "ம்" என்றாள், "நல்லா இருக்கு" என்றாள், களைப்பில்தான் சொன்னாள், ஆனாலும் பொய்யில்லை. ஒரு இடத்தில் நின்று அவன் சட்டையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், அதற்கே அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குளிக்கப் போனவள் குளியலறை வாசலில் நின்று, "இங்க என் செருப்பு?" என்றாள். அவன் பரணைப் பார்த்தான். அவளும் பரணைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் வெறுங்காலோடு உள்ளே போனாள், உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதுபோல இருந்தது, தண்ணீர் விழுந்துகொண்டிருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ரொட்டி இரண்டு துண்டு சாப்பிட்டாள். படுத்தாள். அவன் கதவருகே நின்று, "ஏதாவது சத்தம் கேட்குதா?" என்றான். "இல்லை." "நல்லாக் கேட்டுப் பாரு." "கேட்டுட்டேன். இல்லை. நீ போய் வேலையைப் பாரு." கதவைச் சாத்தினான், கதவு சத்தமே போடவில்லை.

மேஜையில் வந்து உட்கார்ந்தான். வாத்து காத்திருந்தது, ஈரத்தரையில் ஓடுகிற வாத்து, நாளைக்குள் கொடுக்க வேண்டும். ஹெட்போனை எடுத்தான், மாட்டவில்லை, மாட்டினால் வீட்டுச் சத்தம் எப்படித் தெரியும்? வீட்டில் சத்தமே இல்லை. அதுதான் புது மாதிரியாக இருந்தது, முன்னெல்லாம் ஃபேன் சுற்றும், ஹார்ட் டிஸ்க் கொறிக்கும், துணைக்கு ஆள் இருந்ததுபோல இருக்கும், இப்போது குண்டூசி விழுந்தாலும் கேட்கும், குண்டூசிதான் விழ மாட்டேன் என்கிறது. தூங்கியிருப்பாளா? இவ்வளவு அமைதியில் தூங்காமல் எப்படி இருக்க முடியும், தூங்கியிருப்பாள். ஆனால் நிச்சயம் வேண்டாமா? இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம், பலன் கிடைத்ததா என்று தெரிய வேண்டாமா, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். எழுந்தான். பாதிக் கதவில் வயிற்றை எக்கி வெளியே வந்து, குனிந்து, கேபிளுக்குக் கீழே புகுந்து, விரல்நுனியில் நடந்து, படுக்கையறைக் கைப்பிடியைத் துளித் துளியாகத் திருப்பித் திறந்தான். போன் கையில் இருந்தது, அளக்கத்தான், வேறெதற்கு. அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "தூங்கலை."

"எந்தச் சத்தம்? சொல்லு, இப்பவே நிறுத்திடறேன். குழாயா? மேல்வீடா?" அவள் திரும்பிப் படுத்தாள். கோபம் இல்லை, கண் மட்டும் எரிந்து சிவந்திருந்தது, யோசித்து யோசித்துப் பேசினாள், வலிக்காமல் ஊசி போட வேண்டுமே என்கிற கவனத்தோடு. "அக்கா வீட்டுல நாள் பூரா கீழே இரும்பு அறுக்கறாங்க. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். ஏன் தெரியுமா?" அவனுக்கு அந்தச் சீரான சத்தக் கருத்து வாய்வரை வந்தது, நல்லவேளை, வெளியே வரவில்லை. "அங்க யாரும் கதவைத் திறந்து தூங்கிட்டேனான்னு பார்க்கறதில்லை. இங்க கண்ணை மூடினாலே, இப்ப வருவ, இப்ப வருவன்னு காது கதவுகிட்டயே நிக்குது. கம்ப்யூட்டர் சத்தம் போட்டுச்சுன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா?" அவன் யோசித்தான். தூக்கம் வரலை என்றுதான் சொல்லியிருக்கிறாள். சத்தம் என்று அவன்தான் சொன்னான், அவன்தான் அளந்தான், அவன்தான் பரணில் ஏற்றினான். "ஏன் சொல்லலை?" என்றான். "ஆசையா வந்து பார்க்கற. வராதேன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சரி, தூங்கு, இனிமே வர மாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஆசையா வந்து பார்க்கிறதா, யார், நானா, நான் அளக்க அல்லவா போனேன், கணக்கு வைத்திருக்கிறேனே, போனில் எல்லாம் இருக்கிறதே... இருக்கிறதுதான். அவள் இரவில் இல்லை, பகலில் தூக்கம், சாயந்திரம் பையை எடுத்துக்கொண்டு ஓட்டம், வாரக்கணக்காக அந்தக் கதவைத் திறந்தபோது மட்டும்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்திருக்கிறான். அதையும் தூங்குகிற முகமாக. இல்லை, அது மட்டுமில்லை, இன்னொன்றும் இருந்தது, அதை நினைத்ததும் அவனுக்குக் காதெல்லாம் சூடானது. சற்றுமுன் அவள் தூங்கலை என்று சொன்னாளே, அப்போது அவனுக்கு முதலில் என்ன வந்தது? கவலையா? கவலை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம், அப்பாடா, விழித்திருக்கிறாள் என்று ஒரு துளிச் சந்தோஷம், ஊசி பிடிக்கிற கை தடுமாறுகிறது என்று அழுதவளைப் பார்த்து. ஒவ்வொரு தடவையும் அப்படித்தானா? தூங்கிவிட்டாளா என்று பார்க்கப் போனானா, தூங்கவில்லை என்று கேட்கப் போனானா? திரையில் வாத்து ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றது. படுக்கையறைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை, பரணிலிருந்தும் இல்லை, வீட்டில் அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது, அதையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டான். தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் இப்போதுதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இந்நேரம் தூங்கியிருக்க வேண்டும், தூங்கட்டும் என்று மனசார நினைத்தான், நினைத்துவிட்டு, மனசாரத்தானா என்று தன்னையே ஒரு முறை கேட்டுக்கொண்டான்.